கண்ணாடி காட்டாத முகம்

பெங்களூர் அரண்மனைச் சாலை வழியே செல்லும் அன்பர்கள், வசந்த நகர்ப் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த வளாகம் ஒன்றைக் கண்டிருப்பர். மாணிக்கவேலு மாளிகை என்பது அதன் பெயர். மைசூர் அரச குடும்பத்தினருக்கு உரியதாய் இருந்த அம்மாளிகை, சுரங்கத் தொழிலில் பொருள் ஈட்டிய மாணிக்கவேலு முதலியாரின் கைக்கு வந்தது. பின்பு அவர் கையையும் விட்டு நீங்கி அரசின் வசமாயிற்று. உடைமை போயிற்று, பெயர் நின்றது. இந்நகரில் தமிழர் விட்டுச் சென்ற தடங்களுள் இதுவும் ஒன்று. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிலிருந்து அங்கே தேசிய நவீன கலைக்கூடத்தின் பெங்களூர்க் கிளை இயங்கி வருகிறது. தாய்க்கூடம் தில்லியில் 1954-இல் தோன்றியது. அங்கிருந்து ஓவியங்கள் இங்கு வந்து காட்சிக்கு வைக்கப்படுவது வழக்கம்.

அத்தாய்க்கூடத்தின் பெருஞ்செல்வம் எது என்று வினவினால், அமிர்தா ஷேர்கில் என்னும் பெண்மணி எழுதிய ஓவியங்கள் என்று தயங்காமல் விடை கூறலாம். அவர் வாழ்ந்தது இருபத்தெட்டு ஆண்டுகளே. விட்டுச் சென்ற ஓவியங்கள் ஏறத்தாழ 170. அவற்றுள் நூற்றை ஒட்டியவை அக்கூடத்தில் உள்ளன. 1976-இல் இந்திய அரசு அவர் படைப்புகளை நாட்டின் கலைச்செல்வம் என அறிவித்தது. ஆதலின் அவற்றை விலைக்கு விற்று வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லுதல் சட்டப்படி இயலாது.

அவருடைய ஓவியங்கள் அனைத்தையும் பற்றிப் பேச நாம் இங்கு முற்படவில்லை. அவர் தம்மையே எண்ணெய் வண்ணத்தில் எழுதிக்கொண்ட படங்களைப் பற்றி, அவற்றிலும் சிறப்பாக ஒன்றைப் பற்றியே பேச விழைகிறோம். வேற்றூரில் குடியேறி வாழும் வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை, "அப்பா, நமக்கு எந்த ஊர்?" என்று கேட்கும். பிறந்த ஊரைச் சொல்வதா, பாட்டன் ஊரைச் சொல்வதா, குடியிருக்கும் ஊரைச் சொல்வதா என்று தந்தை ஒரு கணம் திகைப்பார். அமிர்தா அக்கேள்வியை எவரிடமும் கேட்கவில்லை. கண்ணாடியின் முன் அமர்ந்து, கையில் தூரிகை கொண்டு, தம்மிடமே கேட்டார்.

அவர் பிறந்தது ஹங்கேரி நாட்டுத் தலைநகரான புடாபெஸ்டில், 1913-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள். தந்தை உம்ராவ் சிங் ஷேர்கில், பஞ்சாபிலுள்ள மஜீதியா என்னும் பிரபுக் குடும்பத்துச் சீக்கியர்; வடமொழியிலும் பாரசீகத்திலும் புலமை வாய்ந்தவர். தாய் மேரி அந்துவானெத் ஹங்கேரி நாட்டுப் பாடகி. முதல் உலகப் போர் மூண்டமையால் குடும்பம் அந்நாட்டிலேயே தங்கிவிட்டது. 1921-இல்தான் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறிற்று. எட்டு வயதுக் குழந்தை தந்தையின் நாட்டை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டது. வீட்டில் தாயின் மொழி; வெளியே வேறு மொழி; பாடத்தில் ஆங்கிலம். நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலைக்கும் இதற்கும் அதிகத் தொலைவு இல்லை.

தந்தையாரிடம் ஒரு விந்தையான பழக்கம் இருந்தது. அவர் நிழற்படம் பிடிப்பதில் பேரார்வம் உடையவர். மனைவியையும் இரு பெண்களையும் பிடித்ததோடு அமையாது, தம்மையே விதவிதமாகப் பிடித்துக்கொண்டார். தலைப்பாகையோடு ஒன்று, கூந்தலை அவிழ்த்துவிட்டு ஒன்று, யோகியைப் போல் உடலைக் காட்டி ஒன்று என்று அவை வளர்ந்தன. 1954-இல் இறக்கும்வரை அவர் அப்பழக்கத்தைப் பெரிதும் விடவில்லை. இக்காலத்தில் கைப்பேசியை நீட்டித் தம்மையே படம் பிடித்துக்கொள்வோரைக் கண்டு நாம் முகம் சுளிக்கிறோம். உம்ராவ் சிங் அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டார். வேடிக்கை ஒருபுறம் இருக்க, தன் உருவத்தைத் தானே ஆராய்வது இயல்பான செயல் என்னும் எண்ணம் அவ்வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இளமையிலேயே படிந்திருக்கும் அன்றோ?

ஓவியக் கல்விக்கு வித்திட்டவர் தாய்மாமன் எர்வின் பக்தாய். பின்னாளில் இந்தியவியல் அறிஞராகப் புகழ்பெற்ற அவர், இளமையில் ஷிமோன் ஹோலோஷி என்னும் ஆசிரியரிடம் ஓவியம் பயின்றவர். ஹோலோஷி 1896-இல் நாகிபான்யா என்னும் ஊரில் திறந்த வெளியில் ஓவியம் எழுதும் பள்ளியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவ்வூர் முதல் உலகப் போருக்குப் பின் ருமானிய நாட்டைச் சேர்ந்தது. இன்று பாயா மாரே என வழங்குகிறது. சிம்லாவுக்கு வந்த பக்தாய் தம் மருமகளுக்குச் சொன்ன அறிவுரை எளியது: கற்பனையில் எழுதாதே, உயிருள்ள ஆளைக் கண்முன் அமர்த்தி எழுது. அவ்வாறு அமர்வதற்கு எந்நேரமும் கூலியின்றிக் கிடைக்கும் ஆள் ஒருவரே. அவர் கண்ணாடிக்குள் இருக்கிறார்.

இங்குச் சற்று விலகி ஒன்று கூற வேண்டும். ஓவியன் தன் முகத்தைத் தானே எழுதும் வழக்கம் நம் நாட்டுப் பழங்கலையில் வேரூன்றவில்லை. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் சித்திரகாரப்புலி என்று விருது பூண்டவன்; ஓவியர்களுள் புலி என்பது அதன் பொருள். மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் தேவியரோடு நிற்கும் அரச உருவம் ஒன்று அவனுடையதே என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். ஆயின் அது சிற்பி செதுக்கியது. புலி தன் கையால் தன் முகத்தை எழுதியதாக ஒரு சுவரும் காட்டவில்லை. கோயில் சுவர்களில் வண்ணம் தீட்டியவர்கள் முகத்தை மட்டுமன்று, பெயரையும் விட்டுச் செல்லவில்லை.

ஐரோப்பாவில் தெளிந்த கண்ணாடி பரவிய பின் நிலைமை மாறிற்று. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1500-ஆம் ஆண்டில் தம்மை நேர்முகமாக எழுதி, நெடுங்கூந்தலும் தாடியுமாகக் கிறிஸ்துவின் தோற்றம் நினைவுக்கு வருமாறு செய்தார். ஹாலந்து நாட்டு ரெம்பிராண்ட் இளமை முதல் முதுமை வரை தம் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் மட்டும் நாற்பது அளவில் எழுதினார். ருமானிய நவீன ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஸ்தெஃபான் லூக்கியான் 1907-இல் எழுதிய தன்னுருவப் படம் வேறு வகையானது. தண்டுவடத்தையும் நரம்புகளையும் தாக்கும் நோய் அவர் உடலை அப்போது சிறிது சிறிதாக முடக்கிக்கொண்டிருந்தது. அப்படத்துக்குத் தம் பெயரை அவர் இடவில்லை. 'ஒரு சுக்ராவ்' என்று பெயரிட்டார். வீட்டுச் சுவருக்கும் கோயில் சுவருக்கும் வண்ணம் பூசுபவனை அந்நாட்டார் அச்சொல்லால் அழைப்பர். பாரிஸில் பயின்ற ஓவியர் தம்மைப் பெயரற்ற ஒரு சுவர்க்கூலியாக நிறுத்திக்கொண்டார். நம் கோயில் ஓவியரின் வழிக்கு இது மிக அணித்தானது. டியூரர் வழிக்குச் சேய்த்தானது.

எண்ணெய் வண்ணம் நம்மிடம் வந்த கதையும் சுவையானது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் நீர்வண்ணம்போல் உடனே உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுப் பல நாட்களில் மெல்ல இறுகும். அதற்குள் மேலும் மேலும் பூசலாம், சுரண்டலாம், திருத்தலாம். நேற்று எழுதிய கன்னத்தின் நிறத்தை இன்று மாற்றலாம். திருவனந்தபுரம் அரண்மனையில் இக்கலை அறிந்திருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். இளைஞரான இரவிவர்மா அதைக் கற்க விரும்பியபோது நாயக்கர் கற்பிக்க மறுத்துவிட்டார் என்றும், அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர் மறைவாக உதவினார் என்றும் கூறுவர். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இரவிவர்மாவின் படங்களைக் கண்டு களித்த நம்மவர், அவற்றின் பின்னே ஒரு தமிழரின் மறுப்பும் மற்றொரு தமிழரின் கொடையும் இருப்பதை அறிதல் நன்று.

1929-இல் அமிர்தாவுக்கு வயது பதினாறு. ஓவியம் பயில்வதற்காகக் குடும்பம் அவரைப் பாரிஸ் மாநகருக்கு அழைத்துச் சென்றது. தொடக்கத்தில் ஒரு தனியார் பள்ளி; பின்னர் புகழ்வாய்ந்த நுண்கலைக் கல்லூரியில் லூசியன் சிமோன் என்பாரிடம் பயிற்சி. தன்னுருவப் படங்கள் பெருகியது அக்காலத்தில்தான். 1930-க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் அவர் தம்மை மீண்டும் மீண்டும் எழுதினார். ஒன்றில் வாய்விட்டுச் சிரிக்கிறார். மற்றொன்றில் முகம் வாடியிருக்கிறார். சிலவற்றில் பாரிஸ் நங்கை. சிலவற்றில் கீழ்நாட்டுப் பெண். ஒரே முகந்தான்; ஆயினும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உடன்பிறந்தார் பலர் என்றே கூறத் தோன்றும். இவற்றைத் தற்பெருமை என்று சொல்வாரும் உளர். அவ்வாறு சொல்வது அவசரத் தீர்ப்பு. தன்னழகில் மயங்கியவர் தமக்குப் பிடித்த ஒரு தோற்றத்தைக் கண்டுபிடித்து அதையே திரும்ப எழுதியிருப்பார். அமிர்தாவோ ஒவ்வொரு தோற்றத்தையும் உடுத்திப் பார்த்துக் கழற்றி வைக்கிறார்.

1932-இல் எழுதிய 'இளம் பெண்கள்' என்னும் படம் அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அதில் ஒருத்தி அவர் தங்கை இந்திரா. அத்தங்கையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்; பின்னர் அவரிடம் திரும்ப வேண்டியிருக்கிறது.

இனி நாம் குறித்த படத்துக்கு வருவோம். 1934-இல் எழுதப்பட்டது, 'தாஹித்தியப் பெண்ணாக நான்' என்று பொருள்படும் பெயர் கொண்டது. தாஹித்தி என்பது பசிபிக் கடலிலுள்ள ஒரு தீவு. பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் அங்குச் சென்று தங்கி, அத்தீவுப் பெண்களை எழுதிப் பெரும்புகழ் பெற்றார், 1903-இல் மறைந்தார். அப்பெண்கள் அவர் படங்களில் அமர்ந்திருப்பர், படுத்திருப்பர், நம்மை நோக்குவர். அவர்கள் கையில் தூரிகை மட்டும் இராது. அமிர்தா அவ்விடத்தில் தம்மைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

இடையில் வெண்துகில், அதற்குமேல் ஆடையில்லை. கோயில் சிற்பங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது கூச்சம் தரவேண்டுவதில்லை. கூந்தல் பின்னால் கட்டப்பட்டிருக்கிறது. கைகள் முன்னே கோத்திருக்கின்றன. மேனியின் நிறம் பாரிஸ் நங்கையின் நிறமன்று. பழுப்பு நிறம், உறுதியாகவும் தட்டையாகவும் பூசப்பட்டது. பின்னணித் திரையில் தூரக்கிழக்கு நாட்டுச் சித்திர உருவங்கள் சில. அவற்றுக்கும் பெண்ணுக்கும் இடையே ஒரு நிழல், ஆடவன் ஒருவனின் உருவம்போல் கவிந்து நிற்கிறது. அது கோகனின் நிழல் என்பார் உளர். படத்தைப் பார்க்க வந்து நிற்கும் எவனோ ஒருவனுடையது என்பாரும் உளர். எம் மனத்துக்குப் பின்னதே பொருத்தமாகப் படுகிறது; அப்படிக் கொண்டால் நாமும் அந்நிழலுக்குள் அகப்பட்டுவிடுகிறோம்.

இப்படத்தின் உயிர்நிலை கண்களில் உள்ளது. கண்ணாடியைப் பார்த்துத் தன்னை எழுதுபவரின் கண்கள் படத்தில் பார்ப்பவரையே நோக்கும். அது தவிர்க்க இயலாதது. ஏனெனில் எழுதும்போது அவர் நோக்குவது கண்ணாடியிலுள்ள தம் கண்களையே. டியூரர், ரெம்பிராண்ட் முதலியோர் படங்கள் நம்மை உற்று நோக்குவதன் காரணம் இதுவே. அமிர்தாவின் இப்படத்தில் கண்கள் நம்மைப் பாரா. பக்கவாட்டில் எங்கோ செல்கின்றன. தம் கண்கள் வேறெங்கோ நோக்குவதை ஒற்றைக் கண்ணாடியில் எவராலும் காண முடியாது. வேண்டுமாயின் அன்பர்கள் வீட்டில் முயன்று பார்க்கலாம். இரண்டாவது கண்ணாடி வேண்டும், அல்லது நிழற்படம் வேண்டும், அல்லது மனக்கண் வேண்டும். எவ்வழியில் எழுதினாலும், கண்ணாடியில் தம்மோடு தாம் பேசிக்கொண்டிருந்த பழக்கம் இப்படத்தில் முறிந்திருக்கிறது. தம்மைப் பிறர் காண்பதுபோல் காண்கிறார். பாரிஸ் நகரத்தார் தம்மில் கண்ட அந்தக் 'கீழ்நாட்டு அழகி' என்னும் வேடத்தை முழுதும் அணிந்துகொண்டு, அவ்வேடத்துக்குள்ளிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அவ்வாண்டின் இறுதியில் அவர் இந்தியா திரும்பினார். மேல்நாட்டின் சாம்பல்நிறக் கூடங்களில் தம் வண்ணங்கள் மலரா, கீழ்நாட்டின் ஒளியிலேயே அவை தம் இயல்பை அடையும் என்று தம் ஆசிரியர் கூறியதாகப் பின்பு அவரே எழுதியிருக்கிறார். திரும்பிய பின் புடவையே உடுத்தார். 1935-இல் சிம்லா மலைவாழ் ஆடவரையும் பெண்டிரையும் எழுதினார். 'மலைநாட்டுப் பெண்கள்' என்ற படம் 1978-இல் அஞ்சல் தலையாகவும் வெளிவந்தது. அப்படங்களின் துயரம் சிறிது மிகையானது என்பது எம் கருத்து. எல்லோரும் ஒரே மௌனத்தில் ஆழ்ந்து நிற்கின்றனர்; கோகனின் நிழல் இன்னும் முற்றும் விலகவில்லை.

அது விலகியது தெற்கே வந்தபோதுதான். 1936-ஆம் ஆண்டு இறுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்டு அஜந்தா, எல்லோரா கண்டார். ஹைதராபாத்தில் கண்காட்சி நடத்தினார். அங்குப் பெருஞ்செல்வரான சாலார் ஜங் தாம் திரட்டிய ஐரோப்பிய ஓவியங்களைக் காட்டிக் கருத்துக் கேட்க, அமிர்தா அவற்றை ஒளிவுமறைவின்றிப் பழித்தார் என்றும், அதனால் அவர் படங்கள் விலைபோகவில்லை என்றும் சொல்வர். அவர் 1937-இல் எழுதிய 'கதை சொல்பவர்' என்னும் படம் 2023-இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்திய ஓவியம் ஒன்று அந்நாள்வரை பெற்ற விலைகளுள் அதுவே பெரியது. வாழ்ந்த காலத்தில் ஒரு படத்தை விற்கவே அவர் ஊர் ஊராக அலைந்தார்.

பின்னர்த் திருவனந்தபுரம், கொச்சி, குமரிமுனை. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள் அவரை ஆட்கொண்டன. அங்கேயே அமர்ந்து அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டார். குமரிமுனை அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-இல்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது. சிம்லா திரும்பிய பின் 1937-இல் மூன்று பெரிய படங்கள் பிறந்தன. 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மசாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுக் கிராமத்தார்' என அவற்றைத் தமிழில் சுட்டலாம்.

மூன்றனுள் எமக்கு நெஞ்சில் நிற்பது பிரம்மசாரிகள். ஐந்து இளைஞர்கள், அரையில் வெள்ளை வேட்டி, மார்பில் பூணூல், பின்னே செம்மண் நிறம் தோய்ந்த இருள். மாநிறம், கருநிறம் என மேனி வண்ணங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. வேட்டிகளின் வெண்மைகூட ஒரே வெண்மையன்று. அஜந்தாச் சுவர்களிடம் கற்ற பாடம் இங்கே தெரிகிறது. ஒளியும் நிழலும் காட்டி உருவத்தைப் புடைக்கச் செய்யும் பாரிஸ் வித்தை அடங்கிவிட்டது. கோட்டின் ஓட்டமும் நிறத்தின் பரப்புமே பேசுகின்றன. தாஹித்தியப் பெண்ணாகத் தம்மை எழுதியபோது கடன் வாங்கிய அந்தப் பழுப்பு நிறம், இங்கே உரிய மனிதரின் மேனியில் வந்து அமைந்துவிட்டது.

குறையையும் கூற வேண்டும். அவர் தெற்கே கழித்தது மிகக் குறுகிய காலம். வேட்டியின் மடிப்பை அறிந்தார். அதை உடுத்தோர் பேசிய மொழியை அறியார். செல்வர் வீட்டுப் பெண் எட்டி நின்று ஏழையரைக் கண்டார் என்னும் குற்றச்சாட்டைப் பிற்காலத்தார் பலர் கூறினர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இப்பயணத்துக்குப் பின் அவர் தம் முகத்தை எழுதுவது அரிதாயிற்று என்பது கருதத் தக்கது. கண்ணாடி முன் கேட்ட கேள்விக்குக் கண்ணாடி விடை தரவில்லை போலும்.

மெக்சிகோ நாட்டு ஃப்ரீடா காலோவோடு அமிர்தாவை ஒப்பிட்டு 'இந்தியாவின் ஃப்ரீடா' என்று சிலர் எழுதுகின்றனர். இருவர் தந்தையரும் நிழற்படக்காரர். ஃப்ரீடாவின் தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். ஒற்றுமை அவ்வளவில் நிற்கிறது. ஃப்ரீடா வாழ்நாள் முழுதும் தம் முகத்திலேயே தங்கினார். அமிர்தா அதைவிட்டு வெளியே நடந்தார்.

அந்நடை நெடுந்தொலைவு செல்லவில்லை. 1938-இல் ஹங்கேரி சென்று தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஈகனை மணந்து திரும்பினார். சிலகாலம் கோரக்பூரை அடுத்த சராயாவில் வாழ்ந்து, 1941-இல் லாகூரில் குடியேறினார். கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கையில் திடீரென நோயுற்று டிசம்பர் 5-ஆம் நாள் காலமானார்.

தங்கை இந்திராவின் கணவர் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த கே. வி. கே. சுந்தரம். சுதந்திர இந்தியாவின் சட்டத்துறைச் செயலாளராக விளங்கி, 1958 முதல் 1967 வரை தலைமைத் தேர்தல் ஆணையராகப் பணியாற்றியவர் அவரே. அவர்கள் மகன் விவான் சுந்தரம், பெரியம்மா இறந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து 1943-இல் பிறந்தார். தாமும் ஓவியராகவே வளர்ந்தார். அமிர்தாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் திரட்டி 2010-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டபோது, அதையும் ஒரு தன்னுருவப்படம் என்றே பெயரிட்டு அழைத்தார். அதற்குமுன் 2001-ஆம் ஆண்டையொட்டி, பாட்டனார் உம்ராவ் சிங் பிடித்த நிழற்படங்களையும் பெரியம்மாவின் ஓவியங்களையும் கணிப்பொறியின் துணையால் இணைத்துப் புதிய படங்களை ஆக்கினார். தம்மைத் தாமே பிடித்துக்கொண்ட தந்தையும் தம்மைத் தாமே எழுதிக்கொண்ட மகளும் அவற்றில் ஒரே சட்டத்துக்குள் வருகின்றனர். 2023-இல் மறைந்த விவான், தம் பெரியம்மாவை ஒருநாளும் நேரில் கண்டவரல்லர்.